துளை சிறிதென்றால் தேவை வந்துவிடுமா? முழங்கால் நுண்துளை அறுவை குறித்து

ஐம்பதைத் தாண்டியவர் முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று அறிக்கை வருவது வழக்கமான ஒன்று. ‘ரெண்டு சின்னத் துளைதான், சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்’ என்ற பேச்சு அதைத் தொடர்கிறது. காயம் சிறிதாக இருப்பது அறுவையின் தீங்கைக் குறைக்கும். அறுவை தேவை என்பதை நிறுவாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே முழங்கால் சிகிச்சையில் நேர்ந்த பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்வறுவையில் சிறு துளை வழியே மூட்டுக்குள் செலுத்தும் அகநோக்கி பார்ப்பதற்கென்றே பிறந்தது. காசநோயால் முழங்கால் விறைத்தவர்களால் ஜப்பானிய முறைப்படி மண்டியிட்டு அமர முடியவில்லை. நோயைத் தொடக்கத்திலேயே காண விரும்பிய மருத்துவர் கென்ஜி தகாகி, 1918இல் டோக்கியோவில் சிறுநீர்ப்பை அகநோக்கியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே 1962இல் அகநோக்கியின் துணையோடு ஜவ்வின் கிழிந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்தார். முட்டியைத் திறந்து ஜவ்வை முழுதாக எடுத்துவந்த காலத்தில் இது மெய்யான முன்னேற்றம். அப்படி ஜவ்வை எடுத்த மூட்டுகளில் பின்னாளில் மாற்றங்கள் தோன்றுவதை மருத்துவர் ஃபேர்பேங்க் 1948இலேயே காட்டியிருந்தார்.

ஆனால் கண்ணில் பட்ட கிழிசல்தான் வலிக்குக் காரணமா? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ.யில் ஆராய்ந்த முடிவுகள் 2008இல் வெளியாயின. கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியோ விறைப்போ இல்லை. நரை போலக் கிழிசலும் வயதோடு வருவது.

அறுவையையே சோதித்தது 2002இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வு. மூட்டுத் தேய்மானம் கொண்ட 180 பேரில் ஒரு பிரிவினருக்குத் தோலை மட்டும் கீறினார்கள். மருத்துவர் வழக்கம்போல் கருவிகளைக் கேட்டு வாங்கினார், காலை மடக்கி நீட்டினார். மூட்டைக் கழுவும் ஓசை கேட்கட்டும் என்று உப்புநீரைச் சலசலக்க விட்டார்கள். கருவி எதுவும் உள்ளே போகவில்லை. இரண்டாண்டுவரை கவனித்ததில், மெய்யான அறுவை பெற்றவர்கள் இவர்களைவிட வலியிலோ நடமாட்டத்திலோ மேம்பட்டிருக்கவில்லை.

அது ஒரே மருத்துவமனை, பங்கேற்றோரில் பெரும்பாலோர் ஆண்கள் என்ற மறுப்பு எழுந்தது, நியாயமானதே. ஆனால் 2013இல் ஃபின்லாந்தின் ஐந்து மருத்துவமனைகளில், தேய்மானம் இல்லாமல் வயதுவழிக் கிழிசல் மட்டும் கொண்ட 146 பேரிடம் நடந்த சோதனையும் ஓராண்டு முடிவில் அதையே காட்டியது. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான வல்லுநர் பரிந்துரை, தேய்மான முழங்காலுக்கு இவ்வறுவை வேண்டாமென்றே உறுதியாகச் சொன்னது.

இதைக்கொண்டு அகநோக்கியையே ஒதுக்குவது எதிர்த்திசைப் பிழை. பெயர்ந்த ஜவ்வு சிக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்ட முழங்கால், சீழ் பிடித்த மூட்டு, விளையாட்டில் அறுந்த குறுக்குத் தசைநார் ஆகியவற்றுக்கு அது இன்றும் உற்ற துணை. ஃபின்லாந்து ஆய்வும் அடிபட்டு வந்த கிழிசலையும் பூட்டிய முழங்காலையும் சேர்க்கவில்லை.

ஆகவே மாற வேண்டியது கேள்விகளின் வரிசை. வலி எங்கிருந்து வருகிறது, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி போதிய காலம் செய்யப்பட்டதா என்பவை முதலில் வர வேண்டும். துளை எவ்வளவு சிறியது என்பது, அறுவை வேண்டுமென்று முடிவான பிறகு கேட்க வேண்டிய கேள்வி.