எஸ்எச் வந்த வழி

2006 கடைசியில் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சர்வரை உபுண்டு 6.10க்கு மாற்றிவிட்டு ரீபூட் செய்தேன். டேட்டாபேஸ் எழவில்லை. திரையில் ஒரே ஒரு வரி: இரட்டைச் சதுர அடைப்புக்குறி, பக்கத்தில் 'நாட் ஃபவுண்ட்'. முந்தைய நாள் வரை ஓடிய ஸ்கிரிப்ட் அது. சர்வர் அறைக் குளிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. எந்த நிரல் படிக்க வேண்டும் என்று சொல்லும் முதல் வரியில் எஸ்எச் என்று போட்டுவிட்டு, உள்ளே முழுக்க பாஷ் எழுதியிருந்தேன். கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அதுவரை எஸ்எச் என்ற பெயரில் உள்ளே இருந்தது பாஷ் என்ற ஷெல்தான், அதனால் வண்டி ஓடியது. சீக்கிரம் பூட் ஆகட்டும் என்று உபுண்டு அந்த வெளியீட்டில் பாஷை எடுத்துவிட்டு டாஷ் என்ற வேறு ஷெல்லை வைத்திருந்தது. தப்பு என் மேல்தான்.

அழகான மொழிகள் எத்தனையோ இருக்க, இயந்திரம் எழுந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஏன் இந்த முரட்டு மொழி?

காரணம் இடப்பற்றாக்குறை. யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் முதல் வட்டு நிரம்பி வழிய, கென் தாம்சனும் கூட்டாளிகளும் மிச்சத்தை இரண்டாம் வட்டுக்கு நகர்த்தினார்கள். யுஎஸ்ஆர் என்ற அடைவு அங்கேதான் இருந்தது. இரண்டாம் வட்டை மவுண்ட் செய்யும் கட்டளை அந்த வட்டிலேயே இருந்தால் வேலைக்காகாது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதைதான். ஆகவே பூட் ஆகத் தேவையானவை முதல் வட்டில் தங்கின. அவற்றில் ஷெல்லும் ஒன்று. பின்னால் வந்த பெர்லும் பைத்தானும் யுஎஸ்ஆர் பக்கமே குடியேறின. எழுந்ததும் கைக்கு எட்டியது எஸ்எச் மட்டும்.

தொடக்கக் கோப்பின் 'ஆர்சி' என்ற பெயர் இன்னும் பழையது. 1960களில் எம்ஐடியில் லூயி பூசான் எழுதிய 'ரன்காம்' நிரலின் சுருக்கம் அது. ஷெல் மொழிக்கு இன்றைய முகம் கொடுத்தவர் ஸ்டீபன் போர்ன், 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில். அல்கால் 68 மொழி மேல் அவருக்கு அப்படி ஒரு மோகம். 'இஃப்'பைத் திருப்பிப் போட்டு 'ஃபி' என்று முடித்தார். 'கேஸ்' 'ஈசாக்' ஆனது. 'டூ'வையும் திருப்பி 'ஓடி' என்று முடித்திருப்பார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்ததால் 'டன்' என்று விட்டுவிட்டார்.

துருக்கியின் பர்துஸ் லினக்ஸ் துணிந்து பைத்தானிலேயே தொடக்க வேலையை எழுதிப் பார்த்தது. எனக்குப் பிடித்த முயற்சி. ஆனால் மற்ற டிஸ்ட்ரோக்கள் அந்த வழியில் போகவில்லை.

ஷெல்லுக்குப் பெரிய அடி 2010இல் விழுந்தது. லினக்ஸ் நிரலாளர் லெனார்ட் பேட்டரிங் தன் இயந்திரத்தின் தொடக்க ஸ்கிரிப்ட்களை எண்ணினார்: 'கிரெப்' 77 முறை, 'ஆக்' 92 முறை, 'செட்' 74 முறை. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதுப் பிராசஸ். லாகின் செய்து முதல் ஷெல் திறக்கும்போது அதன் பிராசஸ் எண் 1823! சின்னச் சின்னக் கணக்குக்கும் ஆள் அனுப்பும் வீடு அது. அவர் கொண்டுவந்த சிஸ்டம்டி என்ற தொடக்க நிரலில் சேவைகளுக்கு ஸ்கிரிப்ட்டே வேண்டாம், நாலைந்து வரி விவரம் போதும். 2015இல் டெபியன் 8 அதற்கு மாறியது.

பேட்டரிங் பெங்களூருக்குப் புதியவர் அல்ல. 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்று தொடங்கி 2005இல் ஃபாஸ் டாட் இன் என்று பெயர் மாற்றிக்கொண்ட மாநாட்டில் வந்து பேசியவர். அவர் கணக்கு சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனாலும் என் 'ஈசாக்'குகளை அழித்த அன்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

சர்வரை விட்டுப் போன எஸ்எச் கன்டெய்னர் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஆல்பைன் லினக்ஸின் அடிப்படை இமேஜ் சில எம்பிதான். அதில் பாஷ் கிடையாது, பைத்தான் கிடையாது. பிஸிபாக்ஸ் என்ற ஒற்றை நிரலுக்குள் ஒடுங்கியிருக்கும் ஆஷ்தான் எஸ்எச். 1989இல் கென்னத் ஆம்குவிஸ்ட் எழுதிய ஷெல்லின் வாரிசு. என்னை அன்று உட்கார வைத்த டாஷும் அதே வம்சம்தான்.

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, ஆல்பைன் கன்டெய்னர்ல ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் கண்ணு முன்னாடி இருக்கு. ஆனா அப்படி ஒரு ஃபைலே இல்லேங்குது."

"முதல் வரியைக் காட்டு."

பாஷ் என்று இருந்தது.