காயமும் மூச்சும்

1862 ஆம் ஆண்டில் எகிப்து தேசத்து லக்சர் நகரிலே எட்வின் சிமித் என்னும் அமெரிக்கர் பழைய பப்பைரசுச் சுருளொன்றை விலைக்கு வாங்கினார். அதன் பெருமை அவர் வாழ்நாளில் உலகறியவில்லை. வரலாற்றறிஞர் பிறெஸ்ரெட் அதனை மொழிபெயர்த்து 1930 இல் வெளியிட்ட பின்னரே, கி. மு. 1600 அளவில் எழுதப்பட்ட அச்சுருள் அதனினும் பழையதான மருத்துவ நூலொன்றின் பிரதி என்பது புலனாயிற்று. நாற்பத்தெட்டு நோயாளரின் நிலை அதிற் கூறப்பட்டுளது. முதற்கண் வருவன தலைக்காயங்கள். பின்னர்க் கழுத்து, மார்பு, முள்ளந்தண்டு என உடலின் மேலிருந்து கீழாக நூல் செல்கின்றது. பெரும்பாலும் மந்திரத்தை நாடாது, கண்டதையும் தொட்டறிந்ததையுமே எழுதிய அம்மருத்துவன், ஒவ்வொரு நோய்க்கும் மூன்று தீர்ப்புக்களுள் ஒன்றை வழங்குகின்றான். யான் மருந்து செய்வேன் என்பது ஒன்று. யான் இதனோடு போராடுவேன் என்பது மற்றொன்று. இது மருந்து செய்தற்குரியதன்று என்பது மூன்றாவது. கழுத்தென்பு நிலைபெயர்ந்து, கைகால்களின் உணர்வற்று, சிறுநீர் தன்னை அறியாதே ஒழுகக் கிடப்பவனுக்குக் கிடைத்தது அம்மூன்றாந் தீர்ப்பு.

இதனைக் கொடுமையென்று கூறுதல் தகாது. தன்னால் இயலாததை இயலாதென ஒப்புக்கொண்ட நேர்மை அது. ஆனால் அத்தீர்ப்பு மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக மாறாது நின்றமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு நாம் ஆராயவேண்டுவது.

மூளையிலும் முண்ணாணிலும் பட்ட அடி பலரை நேரே கொல்வதில்லை. சுவாசப்பையின் வழியாகவே கொல்லுகின்றது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மென்றகட்டை இயக்கும் நரம்பு, கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் கூறுகளிலிருந்து புறப்படுவது. அதற்கு மேலே முண்ணாண் அறுமாயின் மூச்சு அக்கணமே நின்றுவிடும். சற்றுக் கீழே அறுமாயின் மென்றகடு இயங்கும். விலாத்தசைகளும் வயிற்றுத்தசைகளும் இயங்கா. அத்தகையவன் மூச்சை உள்ளே இழுப்பான், ஆனால் இருமமாட்டான். இருமல் ஒரு தொல்லை என்று நாம் எண்ணுகின்றோம். அஃதில்லாதவனுக்குச் சளி நாளுக்குநாள் தேங்கிச் சுவாசப்பை அழற்சி உண்டாகும். தலையில் அடிபட்டவனின் நிலை வேறு. உணர்விழந்து மல்லாந்து கிடப்பவனின் நா பின்சரிந்து வழியை அடைக்கும்; உமிழ்நீரும் வாந்தியும் மூச்சுக்குழாயிற் புகும். மூச்சுக் குறையக் குருதியிற் காபனீரொட்சைட்டு மிகும். அது மிகவே மூளையின் குருதிக்குழாய்கள் விரியும். மூடிய மண்டையோட்டினுள்ளே அமுக்கம் ஏறும். மூளை சுவாசப்பையைக் கெடுக்கச் சுவாசப்பை மூளையைக் கெடுக்கின்றது. காயம் என்னுஞ் சொல் தமிழிற் புண்ணையும் உடலையும் குறிப்பது. இந்நோயில் அவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன.

1805 ஒக்டோபர் 21 ஆம் நாள் திரபல்கார்க் கடற்போரிலே நெல்சன் பிரபுவைத் தாக்கிய குண்டு, இடத்தோளிற் புகுந்து சுவாசப்பையை ஊடுருவி முள்ளந்தண்டிற் சென்று தங்கியது. தன் முதுகு முறிந்ததை அவரே உணர்ந்தார். கப்பல் வைத்தியர் பீற்றி செய்யக்கூடியது யாதுமில்லை என்றார். ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. எகிப்தியனின் தீர்ப்பிலிருந்து இம்மியும் விலகாத தீர்ப்பு!

முதலாம் உலகப் போர் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம்; ஆயினும் அரைத் திருப்பமே. 1917 இல் மேற்குப் போர்முனையிலே அமெரிக்கரான ஹார்வி குஷிங், தலைக்காயங்களைத் துப்புரவாகத் திறந்து, சிதைந்த திசுவையும் என்புத் துண்டுகளையும் நீக்கி மூடும் முறையைக் கையாண்டார். மூன்று மாதங்களுள், நூற்றுக்கு 50 ஐக் கடந்திருந்த இறப்பு விகிதம் 30 இற்குக் கீழே இறங்கிற்று. முள்ளந்தண்டிற் காயமுற்றோர்க்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்வழி நஞ்சும் சுவாசப்பை அழற்சியும் அவருட் பெரும்பாலோரைக் கொண்டுசென்றன.

அதே 1917 இல், செருமானியச் சுரங்க நகரொன்றின் வைத்தியசாலையிற் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் ஏவலாளாகப் பணிபுரிந்தார். முள்ளந்தண்டு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைப் பற்றி அவர் குறிப்பெழுத முற்பட்டபோது, சில கிழமைகளில் இறக்கப்போகிறவனுக்குக் குறிப்பெதற்கு என்று தடுத்தனர். சொன்னபடியே அத்தொழிலாளி இறந்தார். அவ்விளைஞரே லூட்விக் குட்மன். யூதராகிய அவர் நாற்சிகளின் கொடுமைக்குத் தப்பி 1939 இல் ஒக்ஸ்போட்டை அடைந்தார். 1944 பெப்ரவரி 1 ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயப் பிரிவைத் தொடக்கினார்.

அங்கு அவர் புதிய மருந்தொன்றையும் கண்டுபிடித்தாரல்லர். நோயாளரைக் கட்டியிருந்த சாந்துக் கட்டுக்களை வெட்டியெறிந்தார். இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிக் கிடத்தச் செய்தார். நள்ளிரவில் தாமே சென்று அது நடைபெறுகின்றதா என்று பார்த்தார். புரட்டுவதாற் புண் வராது. சளியும் ஓரிடத்தில் தேங்காது. பழைய தீர்ப்பின் இரகசியம் இவ்விடத்தே வெளிப்படுகின்றது. இறப்பான் என்பதனாற் புரட்டாது விட்டனர். புரட்டாது விட்டதனால் அவன் இறந்தான். இறந்தமை தீர்ப்புக்குச் சான்றாயிற்று.

மூச்சே நின்றவனுக்கு மட்டும் குட்மனின் முறை போதியதன்று. அதற்கு விடை வேறொரு நோயிலிருந்து வந்தது. இளம்பிள்ளைவாதக் கிருமி முண்ணாணின் இயக்கக் கலங்களை அழிப்பது; ஆதலால் அந்நோயாளர் சிலரின் நிலை கழுத்து முறிந்தோரின் நிலையை ஒத்திருந்தது. 1952 இல் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்கேகனில் அந்நோய் பெருவாரியாகப் பரவிற்று. பிளெக்டம் வைத்தியசாலையில் இருந்த இரும்புச் சுவாசப்பை ஒன்று. மார்புக்கவசப் பொறிகள் ஆறு. முதற் சில கிழமைகளில் அப்பொறிகளில் இடப்பட்ட 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுள் மாண்டனர். தலைமை வைத்தியர் லாசன், மயக்கமருந்து வைத்தியரான இப்சனை அழைத்தார். குருதியில் மிகுந்திருந்த காரத்தை மற்றையோர் விளங்காத விந்தையென்று கருத, இப்சனோ அது வெளியேறாத காபனீரொட்சைட்டின் அடையாளம் என்றார். கிருமி மூளையைத் தின்றதனால் அன்று, காற்றுப் போதாமையாலேயே இவர்கள் இறக்கின்றனர் என்றார். ஓகஸ்ட் 27 ஆம் நாள், இறக்குந் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தொண்டையிற் துளையிட்டுக் குழாய் செருகி, சளியை உறிஞ்சியெடுத்து, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டினர். சிறுமி பிழைத்தாள்.

ஆனால் அமுக்குங் கை ஓயலாகாதே! பொறி இல்லை, மாணவர் வந்தனர். ஏறக்குறைய 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர் முறைவைத்து நோயாளரின் பக்கத்திலிருந்து பையை அமுக்கினர். ஒரு காலத்தில் எழுபது நோயாளர் வரை மாணவரின் கையாலேயே மூச்சுவிட்டனர். மொத்தம் 1,65,000 மணி நேரம் அவ்வாறு சென்றதென்பர். கல்லூரிச் சஞ்சிகையிலே இதனை எழுதும்போது, இருபது வயதுக் கைகள் செய்த இப்பணியை விரைந்து கடக்க மனம் வரவில்லை. 1953 இறுதியில் இப்சன் அந்நகரின் மற்றொரு வைத்தியசாலையில் இத்தகைய நோயாளர்க்கெனத் தனிப்பிரிவை நிறுவினார். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என நாம் அறிவது அதன் வழித்தோன்றல். தலைக்காயமுற்றோரும் அதன் பயனைப் பெற்றனர்.

பொறி மூச்சுவிடத் தொடங்கியதும் புதிய இடர்கள் தோன்றின. தொண்டைக் குழாயே கிருமிக்கு வழியாயிற்று. தலைக்காயத்துக்குத் தலைப்பக்கத்தை உயர்த்திக் கிடத்துதல் நன்று. கழுத்து முண்ணாண் கெட்டவனோ நேராகக் கிடக்கும்போதே எளிதில் மூச்சுவிடுகின்றான். இரண்டும் ஒருவனிடத்தே நேருமாயின் வைத்தியர் யாது செய்வார்? நாள்தோறும் பார்த்துப் பார்த்தே முடிவு செய்யவேண்டியிருக்கின்றது. வீக்கத்தை அடக்குமென நம்பிப் பல்லாண்டுகளாகத் தலைக்காயத்துக்கு வழங்கப்பட்ட ஸ்ரெரோயிட்டு மருந்தும் 10,008 நோயாளரிடத்தே சோதிக்கப்பட்டது. 2004 இல் வெளிவந்த முடிபின்படி, இரு கிழமைகளுள் இறந்தோர் மருந்து பெற்றாருள் நூற்றுக்கு 21, பெறாதாருள் 18. கைவிடுதலாற் கொன்ற காலம் போக, நம்பிக்கையாற் கொன்ற காலமும் இருந்திருக்கின்றது.

1995 மே மாதத்தில் அமெரிக்க நடிகர் கிறித்தோபர் றீவ் குதிரையினின்று வீழ்ந்தார். கழுத்தின் மேலிரு என்புகள் முறிந்து மூச்சு நின்றது. எகிப்தியச் சுருளிற் சொன்ன அதே காயம், அதனினும் கொடியதாக. உடனே காற்றூட்டப்பட்டமையாற் பிழைத்தார், பொறியின் துணையோடு வாழ்ந்தார், நூல் எழுதினார், திரைப்படம் இயக்கினார். 2003 இல் மென்றகட்டில் மின்முனைகள் பொருத்தப்பட்டுச் சில வேளைகளிற் பொறியின்றியும் மூச்சுவிட்டார். 2004 ஒக்டோபர் 10 ஆம் நாள் அவர் இறந்தார். அப்பொழுது அவர் மருந்து பெற்றுக்கொண்டிருந்தது படுக்கைப்புண்ணிற் பற்றிய நஞ்சுக்கு.