மூணாற்று மலைகளும் வேட்டைத் துப்பாக்கியின் கனமும்

படைக்கலங்களின் வரலாற்றைப் போர்களின் வரலாறாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். காட்டு வேட்டைக்கென்று அமைந்த துப்பாக்கிக்கும் ஒரு வரலாறு உண்டு. உயர்ந்த மலையில் பெரு விலங்கைத் தேடிச் செல்வோன் எத்தகைய துப்பாக்கியை எடுத்துச் செல்ல வேண்டும் என்னும் கேள்வி, ஒரு காலத்தில் மூணாற்றுத் தோட்டத் துரைமார்களுக்கு நாள்தோறும் எழுந்த கேள்வி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அக்கேள்விக்கு அம்மலைகளில் இடமில்லை. ஆயினும், அன்று அதற்குக் கிடைத்த விடைகளை ஆராய்ந்தால், துப்பாக்கியைப் பற்றி மட்டுமன்றி, அம்மலை விலங்குகள் இன்றும் எஞ்சியிருக்கும் காரணத்தைப் பற்றியும் அறிந்துகொள்ளலாம்.

முதலில் இடத்தை நோக்குவோம். மூணாற்றுக்கு வடக்கே, கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேல் பரந்து கிடப்பது இரவிகுளம் மேட்டுநிலம். அதன் தெற்கு ஓரத்தில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி நிற்கிறது. மலை மடிப்புகளில் சோலைக்காடு; சரிவுகளில் புல்வெளி; அவற்றின் விளிம்பில் செங்குத்தான பாறை. சோலைகளில் யானையும், காட்டெருமை என்று மக்கள் அழைக்கும் பெரிய காட்டுமாடும் உலவுகின்றன. பாறைகளில் வாழ்வது வரையாடு. நம் பழம்புலவர் வருடை என்று பாடிய விலங்கு இதுவே. முதிர்ந்த கிடா ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ளது. அதன் முதுகில் சேணம் போட்டாற்போல் வெண்மை படர்ந்திருக்கும். ஆங்கில வேட்டைக்காரர் பெரிதும் நாடியது அக்கிடாவைத்தான்.

சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் 1862இல் ஆனைமுடியில் ஏறினார். ஏட்டில் பதிவான முதல் ஏற்றம் அது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். தோட்டங்கள் தோன்றின, தோட்டங்களோடு வேட்டையும் வளர்ந்தது.

அந்நாளைய பெரு வேட்டைத் துப்பாக்கி எத்தகையது? 1840களில் இலங்கைக்கு வந்து யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் துப்பாக்கி ஒன்று 21 இராத்தல், அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ எடையுள்ளது. அதன் குண்டு மட்டும் 3 அவுன்சு. இத்துணைக் கனம் எதற்கு? கருமருந்து குண்டை மிகுந்த வேகத்துடன் செலுத்த வல்லதன்று. ஆகவே தாக்கும் வலிமையைக் குண்டின் எடையிலிருந்தே பெற வேண்டியிருந்தது. பெரிய குண்டைச் சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னுக்குத் தள்ளும். அந்த உதைப்பைத் தாங்கத் துப்பாக்கியும் கனமாக இருக்க வேண்டும். இந்தக் கனத்தைப் பெரும்பாலும் சுடுகிறவர் சுமந்ததில்லை. கூலிக்கு வந்த உள்ளூர் ஆள் சுமந்தான். சுட வேண்டிய கணத்தில்தான் அது துரையின் கைக்கு மாறும். சமவெளிக் காட்டில் இது நடக்கும்; பாறை விளிம்பில் இருவர் ஊர்ந்து செல்வது எளிதன்று.

1884இல் பிரான்சு நாட்டு வியேல் என்பார் புகையில்லா வெடிமருந்தைக் கண்டார். சிறிய குண்டையும் பெரும் வேகத்தில் செலுத்த இயன்றது. துப்பாக்கியின் கனம் குறைய வழி பிறந்தது. 1898இல் ஜெர்மனியின் மவுசர் தொழிற்சாலை உருவாக்கிய பொறியமைப்பு அதற்குத் துணையாயிற்று. கதவின் தாழ்ப்பாளைப் போல் ஒரு இரும்புத் தண்டைத் தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளித் திருப்பினால் புதுத் தோட்டா குழலில் ஏறித் தாழ் பூட்டிக்கொள்ளும். போல்ட் துப்பாக்கி என்று நாம் வழங்குவது இதையே. 1903இல் ஆஸ்திரியாவின் மான்லிக்கர்–ஷோனவர் வந்தது. 6.5 மில்லிமீட்டர்க் குழலும் ஏறத்தாழ 3 கிலோ எடையும் உடைய அத்துப்பாக்கியை மலை வேட்டைக்காரர் பலர் விரும்பினர். இலண்டனின் ரிக்பி நிறுவனம் மவுசர் பொறியில் அமைத்த .275 துப்பாக்கியும் அவ்வினத்ததே. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது அத்தகைய துப்பாக்கி. 1926இல் உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை அவர் சுட்டதும் அதனால்தான்.

அப்படியாயின் இலேசான துப்பாக்கியே எப்போதும் சிறந்ததா? இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். மலையேறி மூச்சு வாங்குகிறவன் கையில் இலேசான குழல் ஆடும். கனமான குழல் ஓரளவு நிலைத்து நிற்கும். ஒரே தோட்டாவை இலேசான துப்பாக்கியில் சுட்டால் உதைப்பு மிகும். உதைப்புக்கு அஞ்சுகிறவன் குறி தவறுவான். ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய பெல் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார், அவற்றுள் பெரும்பகுதியை.275 போன்ற சிறுகுழல் துப்பாக்கியாலேயே கொன்றார். யானை மண்டையின் அமைப்பை அவர் அறுத்துப் பார்த்துக் கற்றிருந்தார். அவ்வறிவின்றி அவர் துப்பாக்கியை மட்டும் பின்பற்றினால், காயம்பட்ட விலங்குதான் எஞ்சும். ஆகவேதான் ஆப்பிரிக்க நாடுகள் பல, பெரு விலங்குகளுக்கு .375 அங்குலத்திற்குக் குறைந்த குழலைப் பயன்படுத்தலாகாது என விதித்தன.

மூணாற்று மலையில் இவ்வாதம் இன்னும் கூர்மையானது. வரையாட்டுக்குச் சிறுகுழலே போதும். காட்டுமாட்டுக்கு அது போதாது. இரண்டும் ஒரே மலையில் எதிர்ப்படக்கூடும். காயம்பட்ட வரையாடு பாறையிலிருந்து விழுந்து, யாருக்கும் பயனின்றி அழியும். காயம்பட்ட காட்டுமாடு சோலைக்குள் புகுந்து நிற்கும். அதன் தடம் பார்த்து முன்னே செல்ல வேண்டியவன் தடம் அறிந்த மலைவாசி. துரை சுடத் தவறினால் உயிர் போகும் அபாயம் முதலில் அவனுக்கே. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர். தேர்வின் குறையை ஏற்க நேர்ந்தவர் வேறொருவர்.

இலேசான துப்பாக்கியால் வேறொரு விளைவும் நேர்ந்தது. வரையாடு கீழ்நோக்கியே பகையை எதிர்பார்க்கும். கூர்ந்த பார்வையும் செங்குத்துப் பாறையுமே அதன் அரண். கருமருந்துக் காலத்தில் வேட்டைக்காரன் மிக நெருங்கியே சுட வேண்டியிருந்தது. புதிய துப்பாக்கியோ ஒருவனே சுமந்து ஏறத்தக்கது. எதிர்ச் சரிவிலிருந்தே சுடத்தக்கது. பாறை என்னும் அரண் இடிந்தது. இனி அவ்விலங்கைக் காக்க விதி ஒன்றுதான் எஞ்சியது.

அவ்விதி முன்னமே அரும்பியிருந்தது. நீலகிரியில் விலங்குகள் அருகியதைக் கண்டு, 1877இல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் அமைத்தனர். 1879இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. மூணாற்றிலும் தோட்டத் துரைமார்களின் வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் இரவிகுளத்தைக் காத்தது. முதுவர் குடியினர் காவலராக அமர்ந்தனர். தம் வேட்டை தொடர வேண்டும் என்னும் தன்னலமும் அதில் இருந்தது. விதி எழுதும் இடத்தில் மலைவாசிகள் அமர்த்தப்படவில்லை. ஆயினும் விதி விலங்கைக் காத்தது என்பதை மறுக்க இயலாது.

1971இல் கேரள அரசு சட்டம் இயற்றிக் கண்ணன் தேவன் நிலங்களை மீட்டது. 1975இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. 2025இல் கேரளமும் தமிழ்நாடும் இணைந்து எடுத்த கணக்கில் 2,668 வரையாடுகள் காணப்பட்டன. அவற்றுள் 1,365 கேரளத்தில். உலகில் வேறெங்கும் இவ்விலங்கு இயற்கையாக வாழவில்லை. இவற்றின் மிகப் பெரிய கூட்டம் வாழ்வது இரவிகுளத்தில்தான்.

21 இராத்தலிலிருந்து 7 இராத்தலுக்குத் துப்பாக்கி இறங்கிய வரலாறு, பொறியறிஞரின் திறமைக்குச் சான்று. ஆனால் கருவி எளிதாகுந்தோறும் அதைக் கையாளுகிறவனின் பொறுப்பு மிகுகிறது. மூணாற்றில் அப்பொறுப்பு வேட்டைச் சங்கத்தின் விதியாகத் தோன்றி, பின்னர் நாட்டின் சட்டமாயிற்று. இராஜமலைப் பாதையில் இன்று மனிதரைக் கண்டும் ஓடாமல் புல் மேயும் வரையாட்டை நாம் காண்பது அதனால்தான்.