எதிரணியில் இருந்த நண்பர்



தேர்தல் வந்தால் நம் கொல்லிமலையிலும் ஒரே வீட்டில் இரண்டு கொடிகள் பறக்கின்றன. அதனால் பேச்சு நின்றுபோன சகோதரரும் உண்டு. மலைக்குக் கீழே, நமக்கு அருகிலேயே பொதுவாழ்வைத் தொடங்கிய இருவரை இவ்வாரம் நினைவுகூர்வோம்.

இராஜாஜி சேலம் நகரசபையின் தலைவராயிருந்தவர். பெரியார் ஈரோடு நகரசபையின் தலைவராயிருந்தவர். இருவரும் காங்கிரஸில் தோழர்கள். 1925-இல் பெரியார் அக்கட்சியை விட்டு விலகினார். 1938-இல் இராஜாஜியின் அரசு பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியது; அதை எதிர்த்த பெரியார் சிறை சென்றார். 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ எனச் சாடினார். ஒருவர் பக்தர்; மற்றவர் கடவுள் மறுப்பாளர்.

ஆயினும் 1949-இல் தம் திருமணத்துக்குமுன் பெரியார் ஆலோசனை நாடிச் சென்றது, திருவண்ணாமலைக்கு வந்திருந்த இராஜாஜியிடமே. தனிமையில் பேசியதை இருவரும் மேடை ஆயுதமாக்கவில்லை.

1972 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பின் நாளில் இராஜாஜி மறைந்தார். 93 வயதான பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர் சிந்தினார்.

இருவரும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை, மனிதரையும் விட்டுவிடவில்லை. கேட்பதில் விரைவும் பேசுவதில் நிதானமும் வேண்டுமென்று யாக்கோபு நமக்குப் போதிக்கிறாரே! மாற்றுக்கட்சிச் சகோதரரிடம் இவ்வாரம் காரணத்தைக் கேளுங்கள். முழுவதும் கேட்டபின் மறுமொழி கூறுங்கள். அவர் நம்பிச் சொன்னதைத் தேநீர்க் கடைக்குக் கொண்டுசெல்லாதிருங்கள்.

கர்த்தர் நம் நாவைக் காப்பாராக. ஆமென்.