ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

எங்களுக்கு முந்தின செட் அண்ணாமார், அக்காமார் எழுதின கட்டுரைகள் கொஞ்சம் எங்கட தளத்தில் கிடக்கு. போன வருஷம் அதில் ஒன்றை, கலைப்பீடத்தில் எங்களோடு படிக்கிற நண்பர் ஒருவர் தன்ர மடிக்கணினியில் திறந்தார். அவருக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் என்ற மென்பொருள்தான் எழுத்தைக் குரலாக்கி அவருக்குச் சொல்லும். தலைப்பின் முதற்சொல் 'தமிழ்'. ஸ்பீக்கரில் வந்தது: "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்."

"நீங்கள் என்ன பாஷையில எழுதுறனீங்கள்?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரேல்ல. ஏனெண்டால் எங்கட கண்ணுக்கு அந்தப் பக்கத்தில் அழகான தமிழ்தான் தெரிஞ்சது.

காரணம் பாமினி. தொடக்ககாலக் கணினிக்குத் தமிழ் எழுத்து எண்டு ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் எழுத்துரு செய்தவர்கள் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்தார்கள். பாமினியில் ஆங்கில 'ஜே'யின் இடத்தில் 'த' இருக்கும், 'கே'யின் இடத்தில் 'ம'. திரையில் தமிழ் தெரியும், ஆனால் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துத்தான். கண்ணால் வாசிப்பவருக்கு இந்த வேஷம் பிடிபடாது. திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும்.

இதுக்காக அந்தக் காலத்து ஆட்களைக் குறை சொல்ல ஏலாது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத வருஷங்கள் இருந்தன. இணையத்தில் ஈழத்தமிழை முதலில் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எண்டு சிதறிப்போன எங்கட ஆட்கள். கிடைத்த எழுத்துருவை வைத்து எழுதினார்கள். ஒவ்வொரு தளமும் "இந்த எழுத்துருவைத் தரவிறக்குங்கள்" எண்டு வாசலிலேயே சொல்லும். தமிழுக்கென்று தனி இலக்கங்கள் கொடுத்த யூனிகோட் 1991இலேயே வந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது வேலை செய்யத் தொடங்கியது. பிறகும் அச்சகங்களிலும் கந்தோர்களிலும் பாமினி போகவில்லை. தட்டச்சுப்பொறி பழகின கை லேசில் மாறுமா?

இதே காலத்தில் வேறு இரண்டு முயற்சிகள் நடந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்வித்தது. முதலில் வேறு குறியேற்றங்களில் இருந்தவை பிறகு யூனிகோடுக்கு மாறின. அதனால் இன்றைக்கும் எங்கட நண்பர் சங்க இலக்கியத்தைக் காதால் வாசிக்கிறார். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் பாதை வேறு. 1981 மே கடைசியிலும் யூன் முதலாந் திகதியிலுமாக யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின என்பார்கள். அந்த நினைவோடு வளர்ந்த சமூகத்துக்கு அவசரம் ஒன்றுதான்: மிச்சமிருக்கிறதை அழியமுதல் காப்பாற்றுவது. ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் செய்தால்தான் அந்த வேகம் வரும். எங்கட பரீட்சைக் கட்டுரைகளில் பாதி அந்த நூலகத்தை நம்பித்தான் எழுதப்படுது, அதை மறக்கக் கூடாது.

ஆனால் ஸ்கான் செய்த பக்கம் ஒரு படம். திரைவாசிப்பானுக்கு அது வெறும் வெள்ளைத் தாள். எரியாமல் தப்பின புத்தகமும் எங்கட நண்பருக்கு இல்லாத புத்தகந்தான். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் இப்ப தமிழுக்கும் இருக்கு. நாங்கள் சில பக்கங்களில் போட்டுப் பார்த்தோம். புது அச்சென்றால் பரவாயில்லை. தும்பிக்கை வைத்த பழைய 'லை', 'னை' வருகிற பழைய ஈழத்துப் பதிப்புகளில் தடுமாறுது. ஆள் இருந்து திருத்தத்தான் வேணும்.

படம் காட்டுகிற விஷயத்தில் வரலாறு இன்னும் விசித்திரம். பேசாப்படக் காலத்தில் தென்னிந்தியக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, என்ன நடக்குது எண்டு சத்தமாகச் சொல்லுவார். யப்பானில் இவர்களுக்கு 'பென்ஷி' எண்டு பெயர், நடிகர்களைப் போலவே புகழ் பெற்றிருந்தார்கள். காது கேளாதவர்களுக்கோ திரையில் வரும் எழுத்து அட்டைகள் போதும். அதாவது யாரும் திட்டம்போடாமலே படம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. பேசும்படம் வந்ததும் விளக்கம் சொல்பவர் வேலை இழந்தார், எழுத்து அட்டையும் போச்சு. பேசாப்படங்களில் நடித்த, காது கேளாத நடிகர் எமர்சன் ரொமேரோ, 1947இல் அமெரிக்காவில் பேசும்படச் சுருளை வெட்டி, இடையிடையே எழுத்து அட்டைகளை ஒட்டித் தன் ஆட்களுக்குக் காட்டினார். இன்றைய சப்டைட்டிலுக்கு அவரும் ஒரு முன்னோடி.

தமிழர்களுக்குப் படத்தைக் காதால் பார்ப்பது புதுசில்லை. 'பராசக்தி', 'திருவிளையாடல்' வசனங்களைக் கல்யாண வீட்டு, கோயில் ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடமாக்கிய தலைமுறை எங்கட வீடுகளில் இன்னும் இருக்கு. அந்தப் படங்கள் வசனத்தில் நடந்தன, அதனால் சரிவந்தது. இன்றைய குறும்படங்களில் ஆட்கள் கதைக்கிறதே குறைவு. கமெரா வெறும் கதவைக் காட்டும், காற்றடிக்கும், படம் முடியும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு என்ன மிச்சம்?

சட்டம் இல்லாமல் இல்லை. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலிருந்து இருக்கு. ஐ.நா. உடன்படிக்கையை 2016இல் நாடு ஏற்றது. பார்வையற்றோருக்கான பிரதிகள் செய்யப் பதிப்புரிமையில் விலக்குத் தரும் மராகெச் உடன்படிக்கையிலும் அதே வருஷம் சேர்ந்தது. இந்தியாவில் 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கென்றே வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் பத்து கதிரை போட்டுப் படம் காட்டுகிற எங்களைப்போன்ற குழுவுக்கு எந்தச் சட்டமும் வந்து கதவு தட்டாது.

போன திரையிடலில் நாங்களே விளக்கம் சொல்பவராக ஒருவரை வைத்தோம். முதல் பதினைந்து நிமிடம் அவர் எல்லாத்தையும் சொன்னார். சட்டை நிறம், மரத்தின் பெயர், ஆள் கவலைப்படுகிறார் என்பது வரைக்கும். நண்பர் காதுக்குள் சொன்னார்: "கவலையை நான் கண்டுபிடிக்கிறன். நீ ஆள் எங்க நிக்குது எண்டதை மட்டும் சொல்லு." தமிழ்ப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எதுக்கு எண்டு கேட்டவர்களும் இருந்தார்கள். பின்வரிசையில் ஒரு அக்கா மகனோடு வந்திருந்தா, அவனுக்குக் காது கேளாது. கேட்டவர்களுக்கு அவனைத்தான் காட்டினோம்.

பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றுகிற வேலை இப்ப நடக்குது. மாற்றி எல்லாத்தையும் கண்ணைமூடிக்கொண்டு மாற்றிவிடும். ஒரு விமர்சனத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த 'பிலிம்' என்ற சொல் 'கடைஅ' ஆகிப்போச்சு. நண்பர்தான் கேட்டுப் பிடித்தார். இன்னும் இருபத்தேழு கட்டுரை கிடக்கு. வாரத்துக்கு இரண்டாக அவருக்கு அனுப்புறம், அவர் கேட்டுப் பிழை சொல்லுறார், நாங்கள் திருத்துறம்.