192.168: ஒரு சுட்டுச்சொல்லின் வரலாறு

விண்டோஸ் கணினியில் ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையை இட்டால், உள்வலையில் அக்கணினிக்குரிய முகவரி திரையில் தோன்றும். வீட்டில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்; பல்கலைக்கழக வளாகங்களில் 10 என்று தொடங்குவதும் உண்டு. தன் கணினியில் ஒரு சொல்லடைவை ஏற்றிவைத்த ஆய்வு மாணவர் இந்த எண்ணை வேறு ஊரிலுள்ள நண்பருக்கு அனுப்பினால் பயனில்லை. அதே எண் அந்த நண்பரின் கணினிக்கும் இருக்கக்கூடும். இலக்கணத்தில் இதற்கு நிகர் சுட்டுச்சொல். ‘இங்கே’ என்பதன் பொருள், சொல்பவர் நிற்குமிடத்தைப் பொறுத்தது.

ஆனால் இணைய முகவரி பிறந்தபோது இயற்பெயராகவே பிறந்தது. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 என்ற ஆவணம் 32 இருமங்கள் கொண்ட முகவரியை வரையறுத்தது. மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்கள். 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் இந்நெறிமுறைக்கு மாறியது. ஓர் எண் உலகில் ஒரே கணினியைக் குறிக்கும் என்பதே அன்றைய கொள்கை.

1990களின் தொடக்கத்தில் எண்கள் தீர்ந்துபோகும் என்ற அச்சம் எழுந்தது. 1994 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 1597 மூன்று தொகுதிகளை யாரும் தம் வலைக்குள் பயன்படுத்தலாம் என்றது. 192.168 தொகுதியில் 65,536 எண்கள். 10 தொகுதியிலோ 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். இந்த 10 ஆர்ப்பாநெட்டுக்கே உரியதாக இருந்தது; 1990இல் அவ்வலை மூடப்பட்டது. இறந்தவரின் வீட்டைச் சத்திரமாக்கியது போன்ற ஏற்பாடு.

அதே ஆண்டு ஜூலையில் எலியட் லியர் உள்ளிட்ட நால்வர் ஆர்.எஃப்.சி. 1627 வழியாக மறுப்பு எழுதினர். முகவரியின் தனித்தன்மை போய்விட்டால் இணையத்தின் அடிப்படையே தளரும். இரண்டு நிறுவனங்கள் ஒன்றிணையும்போது எண்கள் மோதும். இவ்வளவு பெரிய மாற்றம் போதிய பொது விவாதமின்றி வந்துவிட்டது என்பன அவர்களின் வாதங்கள். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918 இந்த ஏற்பாட்டின் இழப்புகளையும் சேர்த்தே பதிவுசெய்தது. அதன் ஆசிரியர்களுள் லியரும் ஒருவர். மறுத்தவரை உரையாசிரியர் வரிசையில் அமர்த்திய இந்த நாகரிகம் நம் ஆய்வுக்குழுக்களில் அரிது.

இதற்கிடையே, ஒரு பொது எண்ணின் பின்னால் பல கணினிகளை நிறுத்தும் முகவரி மாற்று முறை 1994 மே மாதமே முன்மொழியப்பட்டிருந்தது. குறுகிய காலத் தீர்வு என்றே அதை அறிமுகப்படுத்தினர். முப்பது ஆண்டுகள் கடந்தும் அதில்தான் வாழ்கிறோம்.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதாவது இந்த விவாதம் முடிவதற்குச் சற்று முன்னர். மாணவர்கள் வாங்கிய மலிவான ‘ஷெல்’ கணக்கில் அவர்களுடைய கணினிக்கு முகவரியே கிடையாது, அது வி.எஸ்.என்.எல். கணினியின் முனையமாக மட்டுமே இயங்கியது. பின்னர் அகலப்பட்டை வந்தது. முகவரியும் வந்தது, சுட்டாக. 2011 ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக்கின் கையிருப்பு கடைசித் தொகுதியைத் தொட்டது. 2012இல் சேவை நிறுவனங்களின் உள்வழக்குக்கென 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது. இதன் பின்னால் இருக்கும் கணினி பிறரை அழைக்கலாம். பிறர் அதை நேரே அழைக்க இயலாது. ஆகவே சொந்தத் தரவகத்தைத் தன் மேசையிலிருந்தே வெளியிட விரும்பும் ஆய்வாளரும் யாரோ ஒரு நிறுவனத்தின் மேகக்கணினியில் வாடகைக்கு இடம் பிடிக்க நேர்கிறது. அறிவின் இருப்பிடம் பற்றிப் பேசும் நாம் இதைப் பேசுவதில்லை.

128 இருமங்கள் கொண்ட ஐபிவி6 முகவரி மீண்டும் இயற்பெயர். 2016இல் சேவை தொடங்கிய ஜியோவுக்குப் பழைய எண்கள் போதிய அளவு கிட்டாத காலம். தொடக்கத்திலிருந்தே புதியதைக் கையாண்டது. இன்று நம் கைபேசிக்குப் பெயர் இருக்கிறது, மேசைக்கணினிக்குப் பல இடங்களில் இல்லை. அடுத்த முறை அந்தக் கட்டளையை இடும்போது, 192.168 வரிக்கு அருகே 24 என்று தொடங்கும் நீண்ட வரி ஒன்று உண்டா என்று பாருங்கள். எஃப்ஈ80 என்று தொடங்குவதைக் கணக்கில் சேர்க்க வேண்டா; அதுவும் ‘இங்கே’தான்.