ஹஜ், மேற்படிப்பு, முதுமை: யாரிடம் ஆலோசனை கேட்பது?

பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் முடங்கியபோது, அதன் வாசலில் திரண்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். "ஹலால் லாபம்" என்ற சொல்லை நம்பி, மகள் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்ததைக் கொடுத்தவர்கள். வட்டி வேண்டாம் என்ற அவர்களது எண்ணத்தில் பிழையில்லை. பணத்தை வாங்குபவர் எந்தச் சட்டத்தின் கீழ் வாங்குகிறார் என்பதைத்தான் விசாரிக்காமல் விட்டார்கள்.

மதுரைப் பக்கம் நகைக்கு அடுத்தபடியாக நம்மவர்கள் நம்புவது மனையை. கீழக்குயில்குடி போல நகரை ஒட்டிய ஊரில் மூன்று சென்ட் வாங்கிப் போட்டுவிட்டு, பிள்ளைகள் படிப்பு, ஹஜ், வயதான காலம் எல்லாவற்றுக்கும் அதையே நம்பியிருப்பார்கள். கல்லூரிக் கட்டணத்துக்குத் தேதி உண்டு. மனைக்கு ஆள் கிடைப்பது எப்போதோ. கட்டணத்துக்காக அரை சென்ட்டை மட்டும் விற்கவும் முடியாது.

நல்ல நிதி ஆலோசகர் முதலில் இந்த ஒற்றைக் கணக்கைப் பிரிப்பார். எந்தச் செலவு எத்தனை ஆண்டில் வரும், அப்போது எவ்வளவு ஆகும் என்று எழுதுவார். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை கூடினால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். இன்று 4 லட்சம் ஆகும் பயணத்துக்கு அன்று 8 லட்சம் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போட அவர் சம்மதிக்க மாட்டார்.

ஆனால் ஆலோசகர் என்று வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் முகவர்தான். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ஏ.ஆர்.என். எண் இருக்கும், அவருக்கு ஃபண்ட் நிறுவனம் கமிஷன் தருகிறது. செபியின் 2013 விதிமுறைப்படி பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். அவர் உங்களிடம்தான் கட்டணம் வாங்க வேண்டும். ஆலோசனை சொல்லும் குடும்பத்திடமே கமிஷனுக்கு எதையும் விற்கக் கூடாது. செபி இணையதளத்தில் பெயரையும் எண்ணையும் சரிபாருங்கள். கையிலிருந்து கட்டணம் கொடுப்பது நமக்குக் கசக்கும். கமிஷனும் நம் பணத்திலிருந்துதான் போகிறது, கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. "மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

ஆலோசகர் முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. முதல் சந்திப்பிலேயே வட்டி வரும் முதலீடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜகாத்தையும் ஆண்டுச் செலவில் சேர்க்கச் சொல்லுங்கள். டாடா எத்திகல் ஃபண்ட், நிஃப்டி 50 ஷரியா குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்ட் போன்றவை வங்கி, மது, புகையிலை நிறுவனங்களைத் தவிர்க்கின்றன. இவற்றின் விலையும் இறங்கும், நஷ்டமும் வரலாம். மார்க்கச் சந்தேகத்தை ஆலிமிடம் கேளுங்கள்.

நாமினி விஷயத்தில் நம் வீடுகளில் குழப்பம் அதிகம். நாமினி என்பதாலேயே ஒருவர் பங்குகளுக்கு முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மனைவியை நாமினியாகப் போட்டாலும் மற்ற வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும். வாரிசு அல்லாத ஒருவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால், கடனும் அடக்கச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எழுத வேண்டும். அதை எழுதும்போது ஆலோசகரோடு ஒரு வழக்கறிஞரும் தேவைப்படுவார்.